உயிரோடு இருந்த இணைப்பைச் செத்ததென்று சொன்ன ஃபயர்வால்: நான்கு மாம்பழப் பருவங்களின் அனுபவம்

தர்மபுரியில் கணினிப் பயிற்சி மையம் நடத்தும் தம்பி ஒருவர் போன வாரம் அழைத்தார். "அண்ணா, நீங்கள் வைத்திருக்கும் அதே ஃபயர்வாலை நானும் போடலாமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்றார். எனக்கு ஒரு வார்த்தையில் சொல்ல வரவில்லை.

போச்சம்பள்ளி வட்டத்தில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையின் கணினிப் பொறுப்பு என்னுடையது. ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் மேல் ஓடும் திறந்த மூல ஃபயர்வால் (ஆலைக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் காவல்), ஒரு ஃபைபர் இணைப்பு, அது படுத்தால் கைகொடுக்க ஒரு 4ஜி. இதுதான் எங்கள் அமைப்பு. வேகம், விதிகள், விபிஎன் எதிலும் குறை சொல்ல இடமில்லை. நான் பேச வந்தது கேட்வே கண்காணிப்பைப் பற்றி, அதாவது வெளி இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று ஃபயர்வால் தானே பார்ப்பதைப் பற்றி மட்டும்தான்.

இதைச் செய்வது டிபிங்கர் என்ற சிறு நிரல். இயல்பாக வரும் அமைப்பை மாற்றாமல் விட்டால் அரை நொடிக்கு ஒருமுறை பிங், அதாவது பதில் வருகிறதா என்று பார்க்கும் ஒரு சிறு செய்தி, அனுப்பும்; ஒரு நாளைக்கு 1,72,800. கடைசி 60 நொடியின் சராசரியில் இழப்பு 20 விழுக்காட்டைத் தாண்டினாலோ, தாமதம் 500 மில்லிநொடியைத் தாண்டினாலோ, அந்த இணைப்பு இறந்ததாக அறிவிக்கும். ஃபயர்வால் உடனே போக்குவரத்தை 4ஜிக்குத் திருப்பிவிடும். மூன்று ஆண்டுகள் இதை நான் கொண்டாடினேன். மாலை ஏழு மணிக்கு மேல் ஃபைபரில் பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) தொலைகின்றன என்று சொன்னபோது இணைப்பு நிறுவனத்தார் நம்பவில்லை. மூன்று மாத வரைபடத்தை அச்செடுத்து மேசையில் வைத்தேன். மறுநாளே ஆள் வந்து கம்பத்தில் ஃபைபரின் ஒட்டிணைப்பு ஒன்றை வெட்டி மறுபடி இணைத்தார். வரைபடம் சமமானது. அந்த மகிழ்ச்சியை நான் மறக்கவில்லை.

இந்த ஆண்டு மே மாதம், பருவம் சூடுபிடிப்பதற்கு முன்பே மென்பொருளை மேம்படுத்தினேன். பாதுகாப்புத் திருத்தங்கள் இருந்தன, தள்ளிப்போட முடியாது. முடித்ததும் ஃபைபர் வயரைப் பிடுங்கி, திரும்பச் செருகிச் சோதித்தேன். சிவப்பு வந்தது, பச்சை திரும்பியது. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

ஜூனில் பெங்களூரா மாங்காய் வரத்து உச்சத்தில் இருந்தபோது தொடங்கியது தொல்லை. ஊரில் மின்தடை வந்து போனால் ஃபைபர் மீண்டுவிடும்; திரையோ 100 விழுக்காடு இழப்பு என்று சிவப்பாகவே நிற்கும். மொத்த ஆலையும் 4ஜியில் தவழும். எடைமேடையில் பதிவு ஏறாது. டிராக்டர்களில் மாங்காயோடு விவசாயிகள் வெயிலில் நிற்பார்கள். பெங்களூரு போக வேண்டிய லாரி வாசலிலேயே நிற்கும். ஓசூரைத் தாண்டினால் வேறு மாநிலம், 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு இ-வே பில் என்ற இணையவழிச் சரக்குச் சீட்டு இல்லாமல் நகரக் கூடாது. அதை எடுக்கும் இணையதளமோ, எங்கள் இணைய முகவரி மாறியதும் எங்களை வெளியே தள்ளிவிடும்.

முதலில் கண்காணிப்பு முகவரி மீது, அதாவது பிங் போய்ச்சேரும் முகவரி மீது சந்தேகப்பட்டேன். அதைக் காலியாக விட்டால் இணைப்பு நிறுவனத்தின் கேட்வேக்கே, அதாவது நம் இணைப்பு முதலில் தொடும் அவர்களின் கருவிக்கே பிங் போகும். அது பதில் சொல்லாத வகையாக இருந்தால் நல்ல இணைப்பும் இறந்ததாகத் தெரியும். எங்களிடம் ஃபைபருக்கு 8.8.8.8, 4ஜிக்கு 1.1.1.1 சரியாகவே இருந்தன. இரண்டுக்கும் ஒரே முகவரியைக் கொடுக்கக் கூடாது. கொடுக்கும் முகவரிக்கு அந்தந்த இணைப்பு வழியாகவே பாதை போடப்படுகிறது. தரவே இல்லாத வெற்றுப் பிங்கைச் சில கருவிகள் புறக்கணிக்கும் என்பதால் ஒரு பைட் சேர்த்தும் பார்த்தேன். பயனில்லை.

மூன்றாம் நாள் இரவு ஃபைபர் முனையில் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தேன். பிங் வெளியே போகிறது, ஒன்றுகூடத் திரும்பவில்லை. அனுப்புநர் முகவரியைப் பார்த்ததும் திகைத்துவிட்டேன். அது மின்தடைக்கு முந்தைய முகவரி. பிபிபிஓஇ (இணைப்பு நிறுவனத்தில் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்நுழையும் முறை) மீண்டும் இணைந்தபோது எங்களுக்குப் புதிய ஐபி, அதாவது இணைய முகவரி, வந்திருந்தது. டிபிங்கரோ பழைய ஐபியைப் பிடித்துக்கொண்டே கூவியிருக்கிறது. பதில்கள் எங்களுக்கு எப்படி வரும்? கண்காணிப்புச் சேவையை மறுதொடக்கம் செய்தேன். சில நொடிகளில் பச்சை.

என் சோதனையில் இது சிக்காததற்குக் காரணமும் அப்போதுதான் விளங்கியது. வயரைப் பிடுங்கினால் அதைச் செருகிய போர்ட்டே அணைந்து இறங்குகிறது, எல்லாம் புதிதாகத் தொடங்குகிறது. உண்மையான மின்தடையில் எங்கள் ஃபைபர் பெட்டி யுபிஎஸ்ஸில் உயிரோடு இருக்கிறது. இறப்பது ஊருக்குள் இருக்கும் சுவிட்ச். போர்ட் இறங்காமல் பிபிபிஓஇ மட்டும் அறுந்து மீள்கிறது. பழைய பதிப்பு இதைத் தானே கவனித்து டிபிங்கரை எழுப்பிவிட்டது. புதியது கவனிக்கவில்லை.

இப்போது நிமிடத்திற்கு ஒருமுறை ஃபைபரின் இப்போதைய ஐபியையும் டிபிங்கர் பிடித்திருக்கும் ஐபியையும் ஒப்பிட்டு, மாறியிருந்தால் சேவையை மறுதொடக்கம் செய்யும் சிறு நிரலை எழுதி வைத்திருக்கிறேன். ஜூலை முழுவதும் ஒரு பொய்ச் சிவப்பும் வரவில்லை. இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள், இத்தனை ஆண்டுகள் தடையில்லாமல் உழைத்தது என்பதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் காவலுக்கு வைத்த ஒன்று தன் முகவரியே மாறியது தெரியாமல், வீடு எரிகிறது என்று கத்தியதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. கண்காணிப்பே இல்லாதிருந்தால் அந்த லாரிகள் நேரத்திற்குப் போயிருக்கும்.

தம்பியிடம் வேண்டாம் என்றே சொன்னேன். நள்ளிரவில் பாக்கெட்டைப் பிடித்துப் பார்க்க அவருடைய மையத்தில் ஆள் கிடையாது. "அப்படியானால் நீங்கள் மாற்றுகிறீர்களா?" என்று கேட்டார். இல்லை, மாற்றவில்லை. அடுத்த மேம்படுத்தலைச் செப்டம்பரில், மாங்காய் வரத்து நின்ற பிறகு செய்வேன். இந்த முறை வயரைத் தொட மாட்டேன். பிபிபிஓஇயை மட்டும் துண்டித்து, புதிய ஐபி வாங்கி, டிபிங்கர் அதைத்தான் பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே கிளம்புவேன்.