பெட்டியின் மேல் எழுதாத விவரங்கள்: ஒரு 15.6 அங்குல லேப்டாப்பின் மதிப்பீடு

இந்த மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட லேப்டாப், நடுத்தர விலைப் பிரிவில் பல நிறுவனங்களும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்துத் தரும் வகையைச் சேர்ந்தது. இன்டெல் கோர் ஐ5-1335யு செயலி, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 15.6 அங்குல ஃபுல் எச்டி திரை, 3 செல் பேட்டரி. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் இவ்வளவுதான் இருக்கிறது. இதே வரிகளோடு விற்கப்படும் இரண்டு லேப்டாப்கள் அன்றாடப் பயன்பாட்டில் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடக்கூடும் என்பதால், நிறுவனத்தின் பெயரைவிட அந்த வரிகளின் பொருளையே இங்கே முதன்மையாகப் பேசுகிறேன். வாங்கிய பிறகு மாற்றிக்கொள்ளக்கூடியவை எவை, லேப்டாப்பின் ஆயுள் முழுவதும் மாற்றவே முடியாதவை எவை என்று பிரித்துப் பார்ப்பதுதான் விவரப்பட்டியலைப் படிக்கும் சரியான முறை என்பது என் உறுதியான கருத்து. அப்படிப் பார்த்தால், எல்லோரும் முதலில் கேட்கும் “ஐ5-ஆ, ஐ7-ஆ?” என்ற கேள்விக்கு அவ்வளவு முக்கியத்துவம் இல்லை என்பது விளங்கிவிடும்.

செயலியின் பெயரில் ஐ5 என்ற பகுதி சொல்வது மிகக் குறைவு. அதன் பின்னால் வரும் எண்ணும் எழுத்தும்தான் விஷயத்தைச் சொல்கின்றன. 1335யு என்பதில் 13 என்பது தலைமுறை. யு என்பது 15 வாட் அடிப்படை மின்செலவில் இயங்கும் சிக்கன வகையைக் குறிக்கிறது. எச் என்று முடிந்தால் அது 45 வாட் வகை, அதற்கேற்பச் சூடும் எடையும் கூடும். விளம்பரத்தில் ‘10 கோர்’ (கோர் என்பது செயலிக்குள் தனித்துக் கணக்கிடும் பகுதி) என்று பெரிதாக இருந்தாலும், அவற்றில் முழு வலிமை கொண்டவை 2 மட்டுமே; மற்ற 8-உம் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்கான சிறிய கோர்கள். 4.6 கிகாஹெர்ட்ஸ் என்ற உச்ச வேகமும் சிறிது நேரத்துக்கு மட்டும் எட்டக்கூடியது. நீளமான ஒரு காணொளியை ஏற்றுமதி செய்யக் கொடுத்தால், தொடக்கத்தில் வேலை விறுவிறுவென்று நகர்கிறது. பிறகு விசிறியின் சத்தம் எழும்ப, விசைப்பலகையின் மேற்பகுதி சூடேற, வேகம் படிப்படியாக இறங்கி ஓர் அளவில் நிலைத்துவிடுகிறது. எழுத்து வேலை, கணக்குத் தாள்கள், இணையம், காணொளி அழைப்புகள் ஆகியவற்றுக்கு இந்தச் செயலி தாராளமாகப் போதும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதே உடலில் ஐ7-1355யு பொருத்திய பதிப்பும் கூடுதல் விலைக்குக் கிடைக்கிறது. அதிலும் அதே 2-உம் 8-உமாக 10 கோர்கள்தான். உச்ச வேகம் 5 கிகாஹெர்ட்ஸ் என்பதே முதன்மையான வேறுபாடு. சூட்டை வெளியேற்றும் அமைப்பு மாறாதபோது அந்தக் கூடுதல் வேகம் நெடுநேர வேலைகளில் பெரும்பாலும் தெரிவதில்லை. அந்தப் பணத்தை ரேமில் போடுவதே மேல்.

இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் செயலிகளைத் தேடுவோர் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். 2023-ஆம் ஆண்டின் பெயரிடும் முறையில் ரைசன் 5 7520யு, 7530யு, 7540யு ஆகிய மூன்றும் அடுத்தடுத்த படிகள்போலத் தோன்றினாலும், மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைக் காட்டுகிறது. 7520யு என்பது 2019-இல் வெளிவந்த ஜென் 2 வடிவமைப்பில் செய்த 4 கோர் செயலி; மற்ற இரண்டும் முறையே ஜென் 3, ஜென் 4 வடிவமைப்பில் 6 கோர்கள் கொண்டவை. தனி கிராஃபிக்ஸ் அட்டை உள்ள லேப்டாப்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும்: ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயரில் 35 வாட் முதல் 115 வாட் வரை மின்சாரம் எடுக்கும்படி அமைத்து விற்க முடியும். வாட் அளவைக் குறிப்பிடாமல் பெயரை மட்டும் சொல்லும் பட்டியலை நம்பி விளையாட்டுக்கான லேப்டாப்பை யாரும் வாங்க வேண்டாம்.

இந்த லேப்டாப்பின் உண்மையான குறை ரேமில் இருக்கிறது. 8 ஜிபி மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அதன் அருகில் ஒரு காலி ஸ்லாட் உண்டு. இதனால் நினைவகம் ஒற்றைச் சேனலில், அதாவது செயலியோடு ஒரே பாதையில் மட்டும் பேசி, இயங்குகிறது. செயலியோடு இணைந்த கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ரேமையே பகிர்ந்துகொள்கிறது என்பதால், ஒற்றைச் சேனல் அதன் வேகத்தை நேரடியாகக் குறைக்கிறது. இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இன்டெல் தளத்தில் இந்தச் செயலிக்கு ஐரிஸ் எக்ஸ்இ கிராஃபிக்ஸ் என்று எழுதியிருக்கிறது. ஆனால் இந்த லேப்டாப்பில், உள்ளிருக்கும் பாகங்களை விண்டோஸ் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் வெறும் யுஎச்டி கிராஃபிக்ஸ் என்றுதான் காட்டுகிறது. காலி ஸ்லாட்டில் ஒரு 8 ஜிபி டிடிஆர்4 அட்டையைச் செருகி மீண்டும் இயக்கியபோது, அதே இடத்தில் ஐரிஸ் எக்ஸ்இ என்ற பெயர் வந்துவிட்டது. பல தாவல்கள் திறந்த உலாவிக்கும் காணொளி அழைப்புக்கும் இடையே மாறும்போது இருந்த தயக்கமும் நீங்கியது. விண்டோஸ் 11 இயங்கக் குறைந்தபட்சம் 4 ஜிபி போதும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்வது நிறுவுவதற்கான எல்லையே தவிர, நிம்மதியாக வேலை செய்வதற்கான அளவு அன்று. இன்றைக்கு 16 ஜிபிக்குக் குறைவாக எவருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இங்கே காலி ஸ்லாட் இருந்ததால் நிலைமை தப்பியது. பட்டியலில் எல்பிடிடிஆர்4 அல்லது எல்பிடிடிஆர்5 (மின்சாரத்தைக் குறைவாக எடுக்கும் ரேம் வகைகள்) என்று இருந்தால், அந்த நினைவகம் ஏறக்குறைய எல்லா லேப்டாப்களிலும் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டதாகவே இருக்கும். வாங்கும் நாளில் தேர்ந்த அளவே கடைசிவரைக்கும்.

எஸ்எஸ்டியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை, ஏனென்றால் அது கழற்றி மாற்றக்கூடியது. 512 ஜிபி என்று வாங்கியதை விண்டோஸ் 476 என்று காட்டுவது ஏமாற்று அன்று. தயாரிப்பவர்கள் ஆயிரத்தின் மடங்கிலும் விண்டோஸ் 1024-இன் மடங்கிலும் கணக்கிடுவதால் வரும் வேறுபாடு. எஸ்எஸ்டியை இணைக்கும் பிசிஐஇ என்ற பாதையில் மூன்றாம் தலைமுறை நொடிக்குச் சுமார் 3,500 எம்பி, நான்காம் தலைமுறை சுமார் 7,000 எம்பி என்று பட்டியல்கள் போட்டி போட்டாலும், சாதாரண வேலையில் அந்த வேறுபாடு கைக்குத் தெரியாது. எஸ்எஸ்டிக்குப் பதிலாக இஎம்எம்சி என்ற மலிவான சேமிப்பு வகை எழுதியிருந்தால் மட்டும் விலகிவிடுங்கள். அது வேகமும் குறைந்தது, கழற்றவும் முடியாதது.

திரை அப்படியன்று. நாள் முழுவதும் கண் பதிந்திருக்கும் இடம் அதுவே, பிறகு மாற்றுவதற்கு மிகவும் கடினமானதும் அதுவே. இருந்தும் விவரப்பட்டியலில் மிகக் குறைவாக எழுதப்படுவதும் அதுதான். இந்த லேப்டாப்பின் தாளில் ‘ஃபுல் எச்டி’ என்ற ஒரே சொல். நிறுவனத்தின் தளத்தில் தேடிப் பிடித்தால், 250 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) வெளிச்சம், 45 சதவீத என்டிஎஸ்சி (திரை காட்டக்கூடிய வண்ணங்களை ஒப்பிடும் ஓர் அளவுகோல்) வண்ணம் என்ற இரண்டு எண்கள் கிடைக்கின்றன. முதலாவதன் பொருள், பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வெளிச்சத்தை முழுவதும் ஏற்றியும் போதாமல் இருக்கும் என்பது. இரண்டாவதன் பொருள், ஒரே புகைப்படத்தை நல்ல செல்பேசித் திரையிலும் இதிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அங்கே கருஞ்சிவப்பாக இருப்பது இங்கே சாயம் போன செங்கல் நிறமாகத் தெரியும் என்பது. 300 நிட்ஸ், 100 சதவீத எஸ்ஆர்ஜிபி (இன்னொரு வண்ண அளவுகோல்) என்ற இரண்டும் எழுதப்பட்ட திரையைத் தேடிப் போவது வீண் அலைச்சல் ஆகாது. தமிழில் நிறைய வாசிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். 15.6 அங்குலத்தில் 1920-க்கு 1080 என்றால் ஓர் அங்குலத்துக்கு 141 புள்ளிகள்தான். சிறிய எழுத்தில் ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, அளவை 125 சதவீதமாக்கினால்தான் தெளிகின்றன. 14 அங்குலத்தில் 1920-க்கு 1200 என்று வரும் திரையில் அது சுமார் 162 புள்ளிகளாக உயர்வதோடு, பக்கத்தில் சில வரிகள் கூடுதலாகவும் தெரியும்.

பேட்டரியை செல் எண்ணிக்கையால் அளப்பது பயனற்றது. வாட்-மணி அளவைப் பாருங்கள்: இதில் 42. எழுத்து வேலையின்போது லேப்டாப் சராசரியாக 7 வாட் எடுத்தால் 6 மணி நேரம், காணொளி அழைப்பில் 12 வாட் எடுத்தால் மூன்றரை மணி நேரம் என்று நாமே வகுத்துப் பார்த்துவிடலாம். நிறுவனங்கள் சொல்லும் இரட்டை இலக்க மணிக்கணக்குகள் பெரும்பாலும் மங்கிய வெளிச்சத்தில் காணொளி ஓட்டி அளந்தவை.

இணைப்புத் துளைகளில் ஓர் ஏமாற்றம் உண்டு. யுஎஸ்பி-சி துளை இருக்கிறது, ஆனால் தரவுப் பரிமாற்றத்துக்கு மட்டும். அதன் வழியே சார்ஜும் ஏறாது, வெளித்திரையும் வராது. எச்டிஎம்ஐ 1.4 வகை என்பதால் 4கே திரையை இணைத்தால் நொடிக்கு 30 காட்சிகள்தான் கிடைக்கும், சுட்டியின் அசைவே தடுமாறித் தெரியும். துளையின் வடிவம் எதையும் சொல்லாது. சார்ஜுக்குப் பவர் டெலிவரி, வெளித்திரைக்கு டிஸ்ப்ளேபோர்ட் என்ற சொற்கள் பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

அலுவலகப் பணிக்கும் படிப்புக்கும் பெரும்பாலும் மேசையில் வைத்தே பயன்படுத்தப்போகிறவர்கள், கூடுதல் ரேம் அட்டைக்கான செலவையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு இதை வாங்கலாம். புகைப்படம், வடிவமைப்பு வேலை செய்வோரும் வெளியிடங்களில் அதிகம் வேலை செய்வோரும் திரைக்காகவும் பேட்டரிக்காகவும் வேறொன்றைப் பார்ப்பது நல்லது. எந்த லேப்டாப்பாக இருந்தாலும், பல நிறுவனங்கள் தங்கள் தளத்தில் பழுதுநீக்குக் கையேட்டை இலவசமாக வைத்திருக்கின்றன. பணம் கட்டுவதற்கு முன் அந்த மாடலின் கையேட்டை இறக்கி, ரேம் ஸ்லாட், எஸ்எஸ்டி, பேட்டரி ஆகிய மூன்றையும் கழற்றும் பக்கங்கள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ரேமைக் கழற்றும் பக்கமே அதில் இல்லையென்றால், 16 ஜிபி பதிப்பைத் தவிர வேறெதையும் எடுக்க வேண்டாம்.