பார்சிலோனாவில் தோளைத் துடைக்க வருகிறவர்களிடம் ஜாக்கிரதை

பார்சிலோனா போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். போன செப்டம்பரில் நானும் தம்பியும் அங்கே ஆறு நாள் இருந்தோம். மூன்றாம் நாள் என் ஃபோனும் பர்ஸும் போயின. போனது மூன்று நிமிடத்தில். அதற்குப் பிறகு பட்ட பாடு மூன்று மாதம்.

பிளாசா டி கதலூன்யா சதுக்கத்திலிருந்து ராம்ப்லா தெருப் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் மரங்கள். தோளில் பொத்தென்று ஏதோ விழுந்தது. பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று இருந்ததால் புறா வேலை என்று நினைத்தேன். நடுத்தர வயதுப் பெண் ஒருவர், கூடவே ஓர் ஆள், டிஷ்யூவோடு ஓடிவந்து துடைக்க ஆரம்பித்தார்கள். மரத்தைக் காட்டிச் சிரித்தார்கள். முதுகிலும் இருக்கிறதாம், திரும்பச் சொல்லிச் சைகை. மார்போடு அணைத்து மாட்டியிருந்த பையை, அவர்கள் துடைக்க வாகாக, என் கையாலேயே பின்பக்கம் தள்ளிவிட்டேன். தம்பி தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டே, "அக்கா, இது எச்சம் மாதிரி இல்லையே, கடுகு சாஸ் வாசனை வருது" என்றான். நான் தோளை முகர்ந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது இருவரையும் காணோம். ஜிப்பைத் திரும்ப இழுத்து மூடிவிட்டுப் போயிருந்தார்கள், புண்ணியவான்கள்.

பாஸ்போர்ட் மட்டும் ஹோட்டல் அறை லாக்கரில் இருந்தது. பிழைத்தோம்.

முதலில் கார்டை முடக்க வேண்டும். தம்பி ஃபோனில் என் வங்கி ஆப்பைப் போட்டு உள்ளே நுழையப் பார்த்தால் ஓடிபி கேட்டது. அது எங்கே போகும்? திருடன் கையில் இருக்கும் என் நம்பருக்கு. ஃபோன் பூட்டித்தானே இருக்கிறது என்று அதுவரை தைரியமாக இருந்தேன். சிம்மை உருவி வேறு ஃபோனில் போட்டால் ஓடிபி அங்கே வந்துவிடும் என்று தம்பி சொன்னபோதுதான் வயிறு கலங்கியது. சிம்முக்கென்று தனியாக ஒரு பின் நம்பர் வைக்கலாம். செட்டிங்ஸில் இரண்டு நிமிட வேலை. நான் செய்திருக்கவில்லை.

சரி, ஃபோன் செய்தே சொல்லிவிடலாம் என்றால் வங்கியின் டோல் ஃப்ரீ எண் வெளிநாட்டிலிருந்து போகவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான எண் கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும். கார்டுதான் இல்லையே! தேடிப் பிடித்து அழைத்தால், "பதிவு செய்த எண்ணிலிருந்து கூப்பிடுங்கள் மேடம்" என்று ஒருவர் கிளிப்பிள்ளை போலச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த எண்தான் திருடு போனது என்று நான்கு முறை சொன்ன பிறகு வேறொருவருக்கு மாற்றினார். முடக்கி முடிக்க 50 நிமிடம் ஆனது. அதற்குள் மூன்று இடத்தில் தேய்த்துவிட்டார்கள்: 48, 49, 46 யூரோ. அங்கே 50 யூரோ வரை பின் நம்பர் கேட்காது, கார்டை மெஷினில் தட்டினால் போதும். திருடனுக்கு அந்தக் கணக்கு மனப்பாடம். இப்படித் தட்டிக் கட்டும் கான்டாக்ட்லெஸ் வரம்பைக் குறைக்க என் ஆப்பிலேயே ஒரு பட்டன் இருந்திருக்கிறது.

அப்புறம் போலீஸ். பார்சிலோனா இருக்கும் கதலோனியா பிரதேசத்தின் போலீஸுக்கு மோசோஸ் என்று பெயர். நோவ் டி லா ராம்ப்லா தெருவில் ஒரு நிலையம் இருக்கிறது. எங்களைப் போலவே காலிப் பையோடு பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி பொறுமையாகவே கேட்டு எழுதினார். புகார் நகலுக்கு டெனூன்சியா என்று பெயர். அதை வாங்காமல் கிளம்பாதீர்கள். பல காப்பீட்டு பாலிசிகளில் 24 மணி நேரத்துக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டும்.

அந்த நகலில் 'உர்த்தோ' என்று ஒரு சொல் இருந்தது. ஸ்பானிஷ் சட்டத்தில் அடித்துப் பிடுங்கினாலோ, பூட்டை உடைத்து எடுத்தாலோ 'ரோபோ'. தெரியாமல் நைசாக எடுத்தால் 'உர்த்தோ'. 400 யூரோவுக்கு மிகாத உர்த்தோவுக்குப் பொதுவாக அபராதம்தான். எனக்கென்ன, திருட்டு திருட்டுதானே என்று மடித்து வைத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பியதும் பயணக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பினேன். அசல் வேண்டும் என்றார்கள். பிறகு, சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும் என்றார்கள். கைக்காசு போட்டு அதையும் செய்து கொடுத்தேன். எட்டு வாரம் கழித்து ஒரு மின்னஞ்சல்: பலவந்தமாகப் பறிக்கப்பட்ட பொருளுக்கு மட்டுமே பாலிசி செல்லுமாம், உங்களுடையது அந்த வகையில் வராது. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் 'உடைமைத் திருட்டுக்குப் பாதுகாப்பு'. இந்த நிபந்தனை 14-ஆம் பக்கத்தில், பொடி எழுத்தில். முதல் நாளே சொல்லியிருந்தால் மொழிபெயர்ப்புக் காசாவது மிஞ்சியிருக்கும். திருடன் மேல்கூட எனக்கு இவ்வளவு கோபம் இல்லை.

இன்னொன்று. காணாமல் போன ஃபோனின் திரையில் தம்பி தன் நம்பரைத் தெரியும்படி செய்திருந்தான், யாராவது எடுத்தால் கூப்பிடட்டும் என்று. பதினோராம் நாள் அவனுக்கு ஒரு மெசேஜ்: 'உங்கள் ஃபோன் கிடைத்துவிட்டது, இருப்பிடம் பார்க்க இங்கே தட்டவும்.' தட்டினால் ஃபோன் கம்பெனியின் அசல் பக்கம் போலவே ஒரு போலிப் பக்கம், என் பாஸ்கோடைக் கேட்டது. நான் மூன்று இலக்கம் சொல்லிவிட்டேன். நான்காவதைச் சொல்வதற்குள் தம்பி ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டான். இப்போதும் வாரத்துக்கு ஒரு மெசேஜ் அப்படி வருகிறது.