கோவையில் கிளிப்லெஸ் பெடல் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

மலை சைக்கிளுக்குக் கிளிப்லெஸ் பெடல், அதாவது ஷூவின் அடியைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் பெடல், மாட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கோவையில் ஓரளவு பெயர் பெற்ற ஒரு சைக்கிள் கடையில், யாரோ ஓட்டிக் கழற்றிய பெடலைப் புதுசு என்று என் தலையில் கட்டினார்கள். அதற்குச் சம்பந்தமே இல்லாத கிளீட்டை (ஷூவின் அடியில் பூட்டும், பெடல் கவ்வுகிற சின்ன உலோகத் துண்டு) ஷூவில் பூட்டினார்கள். போதாக்குறைக்கு இடதுபக்கக் கிராங்கின் (பெடலைத் தாங்கும் கை) மரையையும் நாசம் செய்து அனுப்பினார்கள். ஷூவோடு சேர்த்துப் பதினைந்தாயிரத்தைத் தாண்டியது பில். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடைப் பெயரை எழுதப்போவதில்லை, இன்பாக்ஸிலும் கேட்க வேண்டாம்.

நான் கேட்டது அப்படியொன்றும் கிடைக்காத பொருள் இல்லை. கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய மண்பாதைகளில் ஓட்டுகிறவன் நான். கல்லும் வேருமான இறக்கத்தில் தட்டைப் பெடலில் கால் துள்ளி விலகிக்கொண்டே இருந்தது. ஷிமானோ கம்பெனியின் எஸ்பிடி வகையில் எம்520 போன்ற ஆரம்ப நிலைப் பெடலும், எஸ்ஹெச்56 கிளீட்டும் போதும் என்று முடிவு செய்துதான் போனேன். பெடலோடு வழக்கமாக வருவது எஸ்ஹெச்51. அது குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் விடும். எஸ்ஹெச்56 மேல்வாக்கில் வெட்டி இழுத்தாலும் விட்டுவிடும். பதற்றத்தில் காலை எப்படி வேண்டுமானாலும் பிடுங்கும் புதியவர்களுக்கு அதுதான் தோது.

கடைக்காரர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “அந்த மாடல் ஸ்டாக் இல்லீங்ணா, வர்றதுக்கு மாசம் ஆகும். இதைப் பாருங்க, அதைவிட ஒசத்தி. நாலு பக்கமும் மாட்டும், சேறே ஒட்டாது” என்று கிராங்க் பிரதர்ஸ் என்ற வேறு கம்பெனியின் பெடல் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை, அதனால்தான் எடுபட்டது. அந்தப் பெடலில் சேறு தங்க இடமே கிடையாது. எஸ்பிடியில் இரண்டு பக்கம்தான் மாட்டலாம், இதில் நாலு பக்கமும். ஐப்பசி மழையில் நீலகிரிச் செம்மண் கிளீட்டுக்குள் அப்பிக்கொண்டு, எஸ்பிடியில் கால் ஏறாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எஸ்பிடியில் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை ஆலன் கீ போட்டு நமக்கு ஏற்றபடி தளர்த்திக்கொள்ளலாம். இதில் அந்த வசதி இல்லை. வழக்கமான கிளீட் ஜோடியை இடது, வலது ஷூக்களில் இடம் மாற்றிப் பூட்டி, கால் விடுபடும் கோணத்தை 15 டிகிரியிலிருந்து 20 ஆக்கலாம், அவ்வளவுதான். கிளீட்டும் பித்தளை. இறங்கிக் கல்லில் நடந்து பழகியவர்களுக்குச் சீக்கிரம் தேயும். எஸ்பிடியின் எஃகுக் கிளீட் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும். எது உயர்ந்தது என்று அடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, ஓட்டுகிற இடத்தைப் பொறுத்தது. என் வழக்கு பெடல் கம்பெனியோடு இல்லை.

ஏமாற்று நடக்கும் இடம் ஷூவின் அடிப்பக்கம். மலை சைக்கிள் ஷூக்களில் கிளீட் பூட்ட இரண்டு போல்ட்டுக்கு இடம் இருக்கும். ஷிமானோ எஸ்பிடி, கிராங்க் பிரதர்ஸ், டைம், ஹெச்டி என்று எந்தக் கம்பெனிக் கிளீட்டானாலும் அதே ஓட்டையில் உட்கார்ந்துவிடும். ஷூ பொதுவாக இருப்பதால் கிளீட்டும் பொதுவாகத்தான் இருக்கும் என்று கேட்பவருக்குத் தோன்றும். கிடையவே கிடையாது. ஒரு வீட்டுச் சாவியை அடுத்த வீட்டுப் பூட்டில் விடுவது மாதிரிதான். எஸ்பிடி கிளீட் கிராங்க் பிரதர்ஸ் பெடலில் மாட்டாது, டைம் பெடலிலும் மாட்டாது. ரோடு சைக்கிள்காரர்களின் மூன்று போல்ட் கிளீட் வேறு சாதி, அது இந்த ஷூவில் ஏறவே ஏறாது என்பதால் அந்தக் குழப்பம் யாருக்கும் வருவதில்லை.

எனக்கு வந்த பெட்டியில் பித்தளைக் கிளீட் இல்லை. கடைப் பையன் டிராயரிலிருந்து ஒரு எஸ்பிடி கிளீட் ஜோடியை எடுத்து ஷூவில் பூட்டி, பெடலையும் சைக்கிளில் ஏற்றி, மாலையில் “ரெடிங்ணா” என்று ஒப்படைத்தான். வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு மிதித்துப் பார்க்கிறேன், வழுக்குகிறதே தவிர மாட்டவில்லை. போன் போட்டால், “புதுசில்லீங்களா, டைட்டாத்தான் இருக்கும். ரெண்டு ரைடு போனாச் செட்டாயிரும்” என்றார்கள். செட் ஆக அது என்ன செருப்பா?

கிளீட் மாறியிருக்கிறது என்று போட்டோவோடு போய் நின்ற பிறகுதான் பித்தளைக் கிளீட் வெளியே வந்தது. அதுவும் முனை மழுங்கிப்போன பழசு. சந்தேகம் வந்து பெடலை வெயிலில் திருப்பிப் பார்த்தேன். கிளீட்டைக் கவ்வும் இறக்கைகளின் உள்விளிம்பில் மஞ்சளாக ஒரு கீற்று, பித்தளை உரசி ஒட்டியது. ஆலன் கீ போகும் குழியின் ஓரம் மழுங்கியிருந்தது. அச்சைப் பிடித்து ஆட்டினால் லேசாக லொடலொடப்பு. கேட்டதற்கு, “டெஸ்ட்டுக்குப் போட்டுப் பார்த்திருப்பாங்க” என்று பதில். பித்தளை ஈஷிக்கொள்ளும் அளவுக்கு எந்த ஊரில் டெஸ்ட் ஓட்டுகிறார்களோ தெரியவில்லை. வேறு பெடல் கேட்டேன், ஸ்டாக் இல்லை. பணம் கேட்டேன், பில்லின் அடியில் அச்சடித்திருந்த “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்ற வரியை விரலால் தட்டிக் காட்டினார்.

இதுவரை நடந்தது பணநஷ்டம். அடுத்தது எலும்பு முறிந்திருக்க வேண்டிய விஷயம்.

பெடல் அச்சு 9/16 அங்குல மரை. மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடாமல் இருப்பதற்காக இடது பெடலுக்கு மட்டும் எதிர்த்திசையில் திருகும் எதிர்மரை வைத்திருப்பார்கள். கிரீஸ் தடவி, கையால் சில சுற்று ஏற்றி, நேராகப் போகிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும். என் சைக்கிளில் இடது பெடலைக் கோணலாக வைத்து, எடுத்த எடுப்பில் நீளக் கைப்பிடி ஸ்பேனரால் திருகி ஏற்றியிருக்கிறார்கள். அச்சு எஃகு, கிராங்க் அலுமினியம். எது தோற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இடது காலில் ஏதோ சாய்வாக மிதிப்பது போல ஆரம்பத்திலிருந்தே இருந்தது. அந்தப் பழைய பித்தளைக் கிளீட்டோடேயே கோத்தகிரி ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தபோது சடக்கென்று ஒரு சத்தம். கால் தரைக்குப் போய்விட்டது, பெடல் ஷூவோடு ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. அச்சைச் சுற்றி அலுமினியச் சுருள்கள் வெள்ளிக் கம்பி மாதிரி தொங்கின. ஏற்றமாக இருந்ததால் முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. அதே இடத்தில் எதிர்ப்பக்கம் இறங்கிக்கொண்டிருந்தால்?

கடையில் என்ன சொன்னார்கள் தெரியுமா? “கல்லு மேலெல்லாம் ஓட்டுனா எதுதாங்க தாங்கும்?” மலை சைக்கிள் விற்கிறவர் வாயிலிருந்து வந்த வார்த்தை இது. கடைசியில் புதுக் கிராங்க் பாதி விலைக்குத் தருவதாகப் பேரம். மறுத்துவிட்டு, சிங்காநல்லூரில் ஒரு லேத் பட்டறையில் மரை புஷ் (கெட்ட ஓட்டைக்குள் வைக்கும் மரையிட்ட உலோக உறை) அடித்துச் சரிசெய்துகொண்டேன். கோவையில் பிறந்ததற்கு இந்த ஒரு வசதி உண்டு.

பணம் கொடுக்கும் முன் கடையிலேயே பெட்டியைத் திறந்து, கிளீட்டும் அதன் போல்ட்டுகளும் உள்ளே இருக்கின்றனவா என்று பாருங்கள். அச்சு மரையில் காய்ந்த கிரீஸும் மணலும் இருந்தால் அது ஏற்கெனவே ஒரு சைக்கிளில் ஏறி இறங்கியது. ஷூவைக் கையில் பிடித்தே கிளீட்டைப் பெடலில் அழுத்தி மாட்டி, திருப்பிக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை. கிளீட் போல்ட்டை ஐந்தாறு நியூட்டன் மீட்டர் (திருகு விசையின் அளவு) இறுக்க வேண்டும். தொளதொளவென்று விட்டால் நீங்கள் குதிகாலைத் திருப்பும்போது கிளீட் ஷூவிலேயே சுழலும், கால் பெடலிலிருந்து விடாது. பெடல் ஏற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், அவர்கள் முகம் சுளித்தாலும் சரி.

பில்லில் மாடல் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் கேட்டு வாங்குங்கள். எனக்குக் கொடுத்த சீட்டில் “பெடல் செட்” என்று மட்டும்தான் இருந்தது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பது முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் அதே கணக்குதான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணமே இல்லை.

1915இல் பதிவு செய்து புகார் எண் வாங்கிவிட்டேன். பெடல், இரண்டு ஜோடிக் கிளீட், போட்டோக்கள், லேத் பட்டறை ரசீது எல்லாம் ஒரு டப்பாவில் இருக்கின்றன. கடையிலிருந்து பதில் இல்லை. உதவி எண் வழியாகத் தீராவிட்டால் அடுத்தது மாவட்ட ஆணையம்தான், என்ன ஆனாலும் இதே பதிவின் கீழ் எழுதுகிறேன். இதே மாதிரி கோவையில் வேறு யாருக்காவது பழைய பெடல் புதுசாக வந்திருந்தால் பில் தேதியைப் போட்டுச் சொல்லுங்கள்.