எச்சரிக்கை: "ஒரு வருஷ எஸ்எஸ்எல்" என்று 9,500 ரூபாய்க்கு விற்றது 90 நாள் இலவச சர்டிபிகேட்

தாராவியில் 90 அடி ரோட்டுப் பக்கம் எங்களுக்குச் சின்ன லெதர் பட்டறை இருக்கிறது. பர்ஸ், பெல்ட், டைரி கவர், லேப்டாப் பை செய்கிறோம். அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து ஆரம்பித்தது. வருஷ வியாபாரத்தில் பாதி தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரத்தில்தான் நடக்கும். அந்தேரி, பிகேசி, புனே கம்பெனிகள் தங்கள் ஆட்களுக்குக் கொடுக்க மொத்தமாக எடுப்பார்கள். ஆர்டர் பெரும்பாலும் எங்கள் வெப்சைட்டில் இருக்கும் படிவம் வழியாகத்தான் வரும்.

2024 அக்டோபர் 21, திங்கட்கிழமை. புனேயில் ஒரு கம்பெனியில் கொள்முதல் பார்க்கும் நம்ம ஊர்க்காரர் போன் செய்தார். "அண்ணாச்சி, மூணு நாளா உங்க சைட்டைத் திறந்தா தகவலைத் திருடப் பாக்காங்கன்னு பெரிசா வருது. மேனேஜர் பயந்துட்டாரு. வேற இடத்துல சொல்லிட்டோம்" என்றார். 300 டைரி கவர். போன் செய்து சொல்ல அவருக்கு மனசு இருந்தது. சொல்லாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சைட்டைப் போட்டுக் கொடுத்தவர் சயான் பக்கம் ஆபீஸ் வைத்திருக்கிறார், தமிழர். பெயர் போடவில்லை. ஆரம்பத்தில் நான் எஸ்எஸ்எல் பற்றி (சைட்டுக்குப் போகும் தகவலை நடுவில் யாரும் படிக்காமல் மறைக்கும் பூட்டு, அதைப் போட ஒரு சர்டிபிகேட் வேண்டும்) கேட்டபோது, "உங்க சைட்ல கார்டு பேமென்ட் இல்லையே அண்ணாச்சி, அது பேங்குக்குத்தான் வேணும்" என்று சொன்னவர் இவர்தான். பிறகு முகவரிக்குப் பக்கத்தில் "பாதுகாப்பானது அல்ல" என்று வருகிறதே என்று வாடிக்கையாளர்கள் கேட்கத் தொடங்கினார்கள். உடனே பேச்சு மாறியது. "கூகுள் கட்டாயமாக்கிட்டான், வருஷத்துக்கு 9,500 ஆகும்." 2024 ஜனவரியில் கொடுத்தேன். பில்லில் "ஒரு வருஷம்" என்றே எழுதியிருக்கிறது.

அந்தத் திங்கட்கிழமை அவர் போனை எடுக்கவில்லை. என் அண்ணன் மகள் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்கிறாள். காலேஜ் முடிந்து வந்தவள் எச்சரிக்கைப் பக்கத்திலேயே சர்டிபிகேட் விவரத்தைத் திறந்து காட்டினாள். வழங்கியது லெட்ஸ் என்க்ரிப்ட். ஜூலை 20 முதல் அக்டோபர் 18 வரை. "சித்தப்பா, இது இலவசம். யாருக்கும் காசு கிடையாது" என்றாள். எனக்கு முதலில் புரியவே இல்லை.

அவள் சொன்னதை நானும் பிறகு தேடிப் படித்தேன். லெட்ஸ் என்க்ரிப்ட் லாப நோக்கமில்லாத அமைப்பு நடத்துவது. 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். 2024ல் அது தந்த சர்டிபிகேட் 90 நாள்தான் செல்லும். சர்வரில் ஒரு சின்ன புரோகிராம் ஓடவிட்டால் அதுவே காலாவதிக்கு முன் புதுப்பித்துக்கொள்ளும், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். நம்ம ஆள் அதைப் போடவில்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையால் புதுப்பித்திருக்கிறார். இது எப்படித் தெரிந்தது என்றால், இப்படி வழங்கப்படும் சர்டிபிகேட்டுகள் பொதுப் பதிவேட்டில் ஏறுகின்றன. சிஆர்டி டாட் எஸ்ஹெச் (crt.sh) என்ற தளத்தில் உங்கள் சைட் பெயரைப் போட்டால் எல்லாம் வரும். எங்களுக்கு மூன்று வரிகள் வந்தன: ஜனவரி, ஏப்ரல், ஜூலை. நான்காவது முறை மறந்துவிட்டார்.

இலவசமாகக் கிடைப்பதைப் போட்டுக் கொடுத்துக் கூலி வாங்கினால் தப்பே இல்லை. வேலைக்குக் கூலி உண்டு, நானும் கூலி வாங்கித்தான் தைக்கிறேன். "ஒரு வருஷ சர்டிபிகேட் வாங்கிப் போட்டிருக்கிறேன்" என்று பில் கொடுத்ததுதான் ஏமாற்று.

அடுத்து அவள் காட்டியதைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிறு கலங்கியது. எங்கள் விசிட்டிங் கார்டில் இருக்கும் கியூஆர் கோடில் பழைய எச்டிடிபி (பூட்டு இல்லாத) முகவரி இருந்தது. எஸ்எஸ்எல் பூட்டு போட்டபின், பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புதிய எச்டிடிபிஎஸ் (பூட்டு உள்ள) முகவரிக்குத் திருப்பிவிட வேண்டும். அதை அவர் செய்யவே இல்லை, இரண்டு வாசலும் திறந்தே கிடந்தன. அவள் தன் லேப்டாப்பில் ஹாட்ஸ்பாட் போட்டு, என் போனை அதில் இணைக்கச் சொன்னாள். லேப்டாப்பில் வயர்ஷார்க் என்ற, இணைப்பில் போகும் தகவலைக் காட்டும் இலவச மென்பொருளை ஓடவிட்டாள். நான் கார்டை ஸ்கேன் செய்து படிவத்தில் என் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர் போட்டு அனுப்பினேன். அடுத்த நொடி அவள் திரையில் நான் அடித்தது எழுத்துக்கு எழுத்து அப்படியே வந்து நின்றது. ஸ்டேஷனிலோ ஹோட்டலிலோ வைஃபையில் உட்கார்ந்து இந்த முகவரி வழியாக ஆர்டர் கொடுத்தவர்களின் விவரத்தை, அந்த வைஃபையை நடத்துகிறவர் நினைத்திருந்தால் படித்திருக்கலாம். "பேங்குக்குத்தான் வேணும்" என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்தச் சோதனையைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

புதன்கிழமை அவர் போனை எடுத்தார். "அது வேற டைப்பு சர்டிபிகேட் அண்ணாச்சி, உங்களுக்குப் புரியாது" என்றார். தேதிகளைச் சொன்னதும், திரும்பப் போட 4,000 கேட்டார். அதோடு, 25,000 கொடுத்தால் கம்பெனி பெயர் பச்சை நிறத்தில் வரும் என்றார். அந்தப் பச்சைப் பெயரை குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2019லேயே முகவரிப் பட்டையிலிருந்து எடுத்துவிட்டன. ஐந்து வருஷத்துக்கு முன் நின்றுபோனதை எனக்கு விற்கப் பார்த்திருக்கிறார்.

"கூகுள் கட்டாயம்" கதையும் பாதிதான் உண்மை. பாதுகாப்பான இணைப்பு உள்ள தளங்களுக்குத் தேடலில் கொஞ்சம் முன்னுரிமை என்று கூகுள் 2014 ஆகஸ்டில் சொன்னது. 2018 ஜூலையில் வந்த குரோம் 68 முதல் எச்டிடிபி தளங்கள் எல்லாவற்றுக்கும் "பாதுகாப்பானது அல்ல" என்று வருகிறது. எதிலும் காசு கொடுத்து வாங்கிய சர்டிபிகேட் வேண்டும் என்று இல்லை. போகும் தகவலை மறைப்பதில் இலவசத்துக்கும் விலை கொடுத்ததுக்கும் வித்தியாசம் கிடையாது. காசு வாங்கும் சில வகைகளில் கம்பெனி நிஜமானதா என்று பத்திரம் பார்த்து உறுதிசெய்வார்கள், அவ்வளவுதான்.

அதனால் எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறலாமா வேண்டாமா என்று கேட்டால் என் பதில்: மாறுங்கள், இந்த வாரமே. வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பூட்டு இருந்தால் கடை நல்ல கடை என்று அர்த்தமில்லை. போலிக் கடைக்காரனுக்கும் அதே இலவசப் பூட்டு கிடைக்கும். மக்கள் இப்படித் தப்பாக நினைக்கிறார்கள் என்றுதான் குரோம் 2023ல் கம்ப்யூட்டரில் பூட்டுப் படத்தையே மாற்றியது.

வேலை கொடுக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: சர்டிபிகேட் தானாகப் புதுப்பிக்குமா? பழைய முகவரி புதியதற்குத் திரும்புமா? கையால் புதுப்பிப்பேன் என்பவரிடம் கொடுக்கவே வேண்டாம். காசு கொடுத்து வாங்கும் சர்டிபிகேட்டின் ஆயுளும் குறைகிறது. 2026 மார்ச் 15 முதல் அதிகபட்சம் 200 நாள், 2029 மார்ச்சில் 47 நாள் என்று முடிவாகிவிட்டது.

அப்புறம் டொமைன், அதாவது சைட்டின் பெயர். எங்களுடையது அவர் பெயரில், அவர் ஈமெயிலில் பதிவாகியிருந்தது. வேறு ஹோஸ்டிங்குக்கு (சைட்டை வைக்கும் வாடகை சர்வர்) மாற்றப் போனபோதுதான் தெரிந்தது. பதிவு செய்த கம்பெனியிடம் பேசினோம். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம்தான் பேசுவோம் என்றார்கள், அவர்கள் விதி அது. நாலு வருஷமாகப் பணம் கட்டியது நான், சொந்தக்காரர் அவர். உங்கள் டொமைன் யார் பெயரில் இருக்கிறது, எந்த ஈமெயிலில் இருக்கிறது என்று இன்றைக்கே கேட்டு, லாகின் உங்கள் கைக்கு வருகிறதா பாருங்கள்.

1915 எண்ணில் நுகர்வோர் உதவி மையத்துக்குப் புகார் கொடுத்திருக்கிறேன். பணமும் டொமைனும் இன்னும் திரும்பவில்லை. புதுப் பெயரில் டொமைன் வாங்கி, இலவச எஸ்எஸ்எல் தானாகப் போடும் ஹோஸ்டிங்கில் வைத்தோம். அண்ணன் மகள் ஒரு மதியத்தில் முடித்துவிட்டாள். ஹோஸ்டிங்குக்கு வருஷத்துக்கு மூவாயிரத்துக்குள்தான் ஆகிறது, சர்டிபிகேட்டுக்குத் தனியாக எதுவும் கொடுக்கவில்லை.

எங்கள் பழைய விசிட்டிங் கார்டு, மரூன் கலர், பின்பக்கம் கியூஆர் கோடு, யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து ஸ்கேன் செய்ய வேண்டாம். அந்த சைட் இப்போது எங்கள் கையில் இல்லை. கார்டில் இருக்கும் போன் நம்பர் மாறவில்லை, அதில் கூப்பிடுங்கள்.