கோவை வார இறுதி கிரேக்க வகுப்பு: இலக்கணத்தில் கெட்டி, உச்சரிப்பில் கோட்டை விடுகிறது

ஆர்.எஸ்.புரத்தில் சனி, ஞாயிறு காலைகளில் நடக்கிறது இந்த வகுப்பு. புதிய ஏற்பாட்டை மூலத்தில் படிக்க வருகிறவர்கள், ஏதென்ஸுக்குப் பனியன் அனுப்பும் திருப்பூர்க்காரர்கள், கொடுமணல் அகழாய்வு பற்றிப் படித்து யவனர் மேல் ஆர்வம் கொண்டவர்கள் என்று மூன்று தரப்பும் ஒரே பெஞ்சில். ஒரே பாடம் எல்லோருக்கும் ஒத்துவருமா? பெரும்பாலும் வருகிறது. பழையது, புதியது என்று இரண்டு மொழியாகப் பிரிக்காமல், எது நின்றது, எது தேய்ந்தது என்று காட்டியே நடத்துகிறார்கள்.

இலக்கணம் நன்று. 'எக்ராப்ஸா' என்றால் 'எழுதினேன்'. பிளேட்டோ காலத்திலும் அதே வடிவம்தான், முன்னால் வரும் அந்த எகரம் உட்பட. ஆண், பெண், இரண்டுமல்லாத அலி என்ற மூன்று பால்களும் அப்படியே இருக்கின்றன. நான்காம் வேற்றுமை மட்டும் பேச்சிலிருந்து போய்விட்டது. அதன் வேலையைப் பெரும்பாலும் ஆறாம் வேற்றுமையும் 'ஸெ' என்ற முன்னிடைச்சொல்லும் பார்க்கின்றன. 'எழுத விரும்புகிறேன்' என்பதில் வரும் 'எழுத' போன்ற எச்சமும் இல்லை. அதற்குப் பதில் 'தெலோ நா கிராப்ஸோ': இரண்டு வினைக்கும் தன்மை ஈறு. எதிர்காலம் காட்டும் 'தா'வும் இதே 'தெலோ' வினையும் 'நா'வும் சேர்ந்து தேய்ந்து வந்ததே.

உச்சரிப்பில்தான் குளறுபடி. முதலில், பழங்கால ஒலி இப்படித்தான் இருந்திருக்கும் என்று அறிஞர்கள் ஊகித்த, எராஸ்மஸ் என்ற அறிஞரின் பெயரால் வழங்கும் முறை, பிறகு இன்றைய முறை. கணக்கில் படித்த பீட்டாவுக்கு ஏதென்ஸில் 'வீட்டா' என்று பெயர். பாதியில் மாற்றினால் நாக்கு எங்கே கேட்கிறது? இன்றைய ஒலியையே முதலிலிருந்து சொல்லித்தரலாம். கிரேக்கப் பள்ளிகளில் பிளேட்டோவையும் அப்படித்தான் வாசிக்கிறார்கள்.

வகுப்பில் தரும் கைப்பிரதி எல்லா ஒலிக்கும் ஆங்கிலத்தையே உதாரணம் காட்டுவது தேவையே இல்லாத சுற்றுவழி. டெல்டாவுக்குப் 'பாதை'யின் தகரமும், காமாவுக்குப் பேச்சில் 'பகல்' என்னும்போது வரும் ககரமும் ஏறக்குறையப் பொருந்தும். மியூவும் பையும் சேர்ந்தால் 'கம்பு'வின் பகரம். சொல்லின் தொடக்கத்தில் மகரம் ஒலிக்காது. தீட்டாவுக்கு மட்டும் தனிப் பயிற்சி வேண்டும்: நாக்கு நுனியைப் பற்களுக்கிடையே வைத்து ஊத வேண்டும். ஊதாவிட்டால் அது டௌ என்ற வேறு எழுத்தின் ஒலி ஆகிவிடும்.

சொல்வதெழுதுதலில் மதிப்பெண் போவது இகரத்தில். ஈட்டா, அயோட்டா, உப்சிலான், அயோட்டாவோடு சேர்ந்த எப்சிலான், ஓமிக்ரான் எல்லாம் இன்று ஒரே ஒலி. சொல்லின் கடைசியில் வந்தால் இலக்கணமே வழிகாட்டும்: பெண்பால் ஒருமைக்கு ஈட்டா, அலிப்பால் ஒருமைக்கு அயோட்டா, ஆண்பால் பன்மைக்கு ஓமிக்ரான்-அயோட்டா, படர்க்கை ஒருமை வினைக்கு எப்சிலான்-அயோட்டா. வழக்கமாக வரும் சொற்களுக்கு இது போதும். சொல்லின் நடுவில் வந்தால் மனப்பாடம்தான்.

கிரீஸில் 1976-இல் பேச்சுமொழி அரசு மொழியானது, 1982-இல் பல குறிகள் போய் ஒற்றை அழுத்தக்குறி வந்தது. திருப்பூர்க்காரர்களுக்கு அந்த ஒரு குறியும் போன் கீபோர்டும் போதும். பைபிள் படிக்கிறவர்கள் கணினியில் பழைய குறிகளும் உள்ள 'கிரீக் பாலிடோனிக்' விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். குறி மாறினால் தேடுபொறியில் சில சொற்கள் சிக்காது.

கடைசிப் பாடம், பண்டைய சேரத் துறைமுகமான முசிறியைச் சொல்லும் 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வணிக வழிகாட்டி நூல். முதல் நூற்றாண்டு வணிகக் கிரேக்கம்; ஹோமரைவிட எவ்வளவோ எளிது. ஆனால் தரும் நகலில் எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது. சொல்லின் தொடக்க உயிரெழுத்தின் மேல் வரும் மூச்சுக்குறி எந்தப் பக்கம் வளைகிறது என்றே தெரியாது. முன்கூட்டியே பெரிதாக்கி வாங்கிக்கொள்ளுங்கள்.