சுத்தக் கம்பளி என்று சொல்லி விற்கப்பட்ட ஸ்வெட்டர்: காசிக்குப் புறப்படுவோர் கவனத்துக்கு

மார்கழியில் காசிக்குப் புறப்பட இருந்த எங்கள் அப்பாவுக்காக, பாளையங்கோட்டையில் தற்காலிகமாகப் போடப்பட்டிருந்த குளிர்கால உடைக் கடையொன்றில் 2,400 ரூபாய்க்கு வாங்கிய ஸ்வெட்டர், கம்பளியே அல்ல. விற்றவர் 'லூதியானா சரக்கு, சுத்தமான மெரினோ' என்று வாயால் உறுதி சொன்னாரே தவிர, ரசீதில் 'ஆண்கள் ஸ்வெட்டர் 1' என்று மட்டுமே எழுதித் தந்தார். கழுத்தின் உட்புறம் தைத்திருந்த லேபிளில் ஓர் ஆட்டுத் தலைப் படம் இருந்தது. என்ன இழை, எத்தனை சதவீதம் என்ற விவரம் எதுவும் இல்லை. ஆட்டுப் படம் எதற்கும் சான்றாகாது. 1964இல் அறிமுகமான, நூற்கண்டு போல வளைந்திருக்கும் உல்மார்க் முத்திரைதான் பரிசோதனைக்குப் பிறகு உரிமம் பெற்ற ஆடைகளுக்கு உரியது.

நம் பக்கத்தில் இந்த ஏமாற்று எளிதாகச் செல்லுபடியாகிறது. கரிசல் காட்டில் நாம் பார்த்து வளர்ந்த வேம்பூர், கீழக்கரிசல் ஆடுகளின் மேல் இருப்பது குட்டை முடி. அது நூற்பதற்கான கம்பளி அன்று. தமிழ்நாட்டில் மென்மையான கம்பளி தருவது, 19ஆம் நூற்றாண்டில் உள்ளூர் ஆடுகளோடு மெரினோ முதலிய வெளிநாட்டு இனங்களைக் கலந்து உருவான நீலகிரி ஆடு. ஆகவே கம்பளியைத் தொட்டுப் பழகிய கைகள் இங்கே குறைவு. மெத்தென்று இருந்தால் போதும், கம்பளி என்று நம்பவைத்துவிடுகிறார்கள்.

அக்ரிலிக்கும் மெத்தென்றுதான் இருக்கும். நம் கடைகளில் கேஷ்மிலான் என்று சொல்வதும் அந்தச் செயற்கை இழையைத்தான். அதன் பெயரைச் சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விடியற்காலைப் பனியில் கங்கைக்கரையில் நிற்கும் முதியவருக்கு வேறுபாடு உடம்பில் தெரியும். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை ஈரத்தை உள்வாங்கியும் நனைந்ததாகத் தோன்றாது. அக்ரிலிக்கோ ஈரத்தை உள்வாங்குவதே அரிது.

தையற்கடை வைத்திருக்கும் எங்கள் மாமா தடவிப் பார்த்துச் சந்தேகப்பட்டதால், உள்தையல் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டினோம். கம்பளி நம் தலைமுடியைப் போலவே கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது என்பதால், எரித்தால் முடி பொசுங்கும் நாற்றம் வரும். தீயை விலக்கினால் பெரும்பாலும் தானாக அணைந்து, விரலில் நசுங்கிப் பொடியாகும் கரி மிஞ்சும். எங்கள் நூல் கரும்புகையோடு உருகி எரிந்து, நகத்துக்கு மசியாத கறுப்பு மணியாக இறுகியது. கலப்பு நூலை இந்தச் சோதனை சரியாகக் காட்டாது. அதற்கு ஆய்வகம்தான் வேண்டும். ஸ்வெட்டரின் மேல் சிறு உருண்டைகள் திரள்வதை வைத்தும் முடிவு கட்ட வேண்டாம், நல்ல கம்பளியிலும் அவை திரளும்.

திருப்பிக் கொண்டுபோனபோது, 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்று ரசீதின் அடியில் அச்சிட்டிருந்ததைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். தரத்தைப் பற்றிப் பொய் சொல்லி விற்பது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடைமுறை. அந்த அச்சு வரி அதை மாற்றிவிடாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்திருக்கிறோம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது. இத்தகைய கடைகள் பருவம் முடிந்ததும் இடத்தைக் காலி செய்துவிடும் என்பதால், '100 சதவீதம் கம்பளி' என்ற சொற்களையும் விற்பவரின் நிரந்தர முகவரியையும் ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் பணத்தை எடுக்காதீர்கள்.