பர்கண்டியின் பழைய ரயில் தடமா, மிடி கால்வாய்க் கரையா?

மோட்டார் வாகனங்களின் இரைச்சலின்றிப் பிரான்சின் நாட்டுப்புறத்தை மிதிவண்டியில் சுற்ற விரும்புவோர், கைவிடப்பட்ட ரயில் தடத்தையோ கால்வாய்க் கரையையோ தேர்ந்தெடுக்கலாம். முன்னதற்குச் சான்று, 1997இல் பர்கண்டியில் ஜிவ்ரி முதல் க்ளூனி வரை திறக்கப்பட்ட 44 கிலோமீட்டர் பாதை. ரயிலுக்கென அமைத்த தடமாதலால் ஏற்றம் மிகக் குறைவு. தளமும் வழவழப்பானது என்பதால், திராட்சைத் தோட்டங்களைப் பார்த்தபடி நிதானமாகவே ஒரே நாளில் ஓட்டி முடிக்கலாம்.

துலூஸிலிருந்து மத்தியதரைக் கடல்நோக்கிச் சுமார் 240 கிலோமீட்டர் நீளும் மிடி கால்வாய் வேறு வகை. பியேர் போல் ரிக்கேயின் திட்டப்படி 1666இல் தொடங்கி 1681இல் திறக்கப்பட்ட இந்நீர்வழியில், படகுகளைப் படிப்படியாக ஏற்றியிறக்கும் மதகுகளைப் பார்க்க நின்றுவிட்டால் (நிற்காமல் போவது கடினம்) பொழுது போவதே தெரியாது. ஆனால், துலூஸை அடுத்த ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தார்த்தளம் முடிந்ததும் பல இடங்களில் பாதை மண்ணாகி, மரவேர்கள் குறுக்கிடுகின்றன. மழைக்குப்பின் மெல்லிய சக்கரங்கள் திணறும். நிழல் தந்த பிளேன் மரங்கள் பூஞ்சை நோயால் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டுவிட்டதால், கோடை வெயிலையும் தாங்க வேண்டும். அப்படியிருந்தும், அகலமான டயரும் ஒரு வார விடுப்பும் உள்ளவர்களுக்கு நான் கால்வாயையே பரிந்துரைப்பேன். குழந்தைகளோடு செல்வோர்க்கு ஜிவ்ரிப் பாதை.